சிலிக்கோனுக்குப் பெயரிட்ட பேராசிரியர்

காலையில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் உங்கள் வீட்டைச் சற்றே சுற்றிப் பாருங்கள். தம்பிப் பாப்பாவின் பால் புட்டியில் மாட்டியிருக்கும் மெத்தென்ற நிப்பிள், அவனுக்கு வயிறு உப்பினால் அம்மா கொடுக்கும் சொட்டு மருந்து, அக்காள் தலைக்குக் குளித்தபின் தடவிக் கொள்ளும் கண்டிஷனர், மேசை நாற்காலிகளுக்குப் பளபளப்பு ஏற்றத் தெளிக்கும் பாலிஷ், இஸ்திரிப் பெட்டி துணியில் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல உதவும் கஞ்சித் தெளிப்பு, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் பூசியிருக்கும் வெள்ளைப் பசை. ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை போல் தோன்றும் இவை யாவற்றிலும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள் ஒன்று கலந்திருக்கிறது. அதற்குச் சிலிக்கோன் என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனோடு போராடிய அவர், கடைசியில் இதனால் உலகுக்குப் பெரிய பயன் விளையும் என்று நம்புவதற்கில்லை என அறிஞர் சபையிலேயே சொல்லிவிட்டார். அவருடைய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் ஒரு தனிமம். நாம் மிதித்து நடக்கும் மணலில் பிராணவாயுவோடு கூடி நிற்பது அதுவே. நிலத்தின் மேலோட்டில் எடைக் கணக்கில் 28 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. பிராணவாயுவுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கிடைப்பது அதுதான். சிலிக்கோன் என்பது அந்தச் சிலிக்கானைக் கொண்டு மனிதன் ஆக்கிய பொருள். ஓர் எழுத்தின் வேறுபாடுதான்; தேர்வில் மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும்!

கிப்பிங் 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்து வங்கியின் மான்செஸ்டர் கிளையில் அலுவலர். தாயார் ஜூலியா, சார்லஸ் டுவால் என்ற ஓவியரின் மகள். ஏழு குழந்தைகளில் கிப்பிங்தான் மூத்தவர். கணக்கு வழக்கைத் தந்தையிடமிருந்தும், பொருளை உற்று நோக்கும் கண்ணைத் தாய்வழிப் பாட்டனாரிடமிருந்தும் பெற்றார் போலும் என்று நாம் எண்ணிக் கொள்ளலாம். ஆனால் அவரை வேதியியலின் பக்கம் திருப்பியவர் குடும்ப நண்பர் ஒருவர். பாலிலும் உணவுப் பண்டங்களிலும் கலப்படம் உண்டா என்று சோதித்துப் பார்க்கும் அரசுப் பகுப்பாய்வாளர் அவர். வீட்டுக்கு வந்து போகும் ஒருவரின் தொழிலைக் கண்டு ஒரு பையனின் மனம் ஒரு துறையில் பதிந்துவிடுவது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

அவர் பிறந்த அதே 1863-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் ஃபிரிடெல், கிராஃப்ட்ஸ் என்ற இருவர் ஒரு புதுமை செய்தார்கள். கார்பனையும் சிலிக்கானையும் நேரடியாகப் பிணைத்து, இயற்கையில் எங்கும் காணப்படாத ஒரு சேர்மத்தை ஆக்கினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்காகவே அவர்கள் ஒரு கதவைத் திறந்து வைத்தது போல் ஆயிற்று. ஆனால் அந்தக் கதவின் அருகே அவர் வந்து சேர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

மான்செஸ்டர் இலக்கணப் பள்ளியில் படித்த கிப்பிங், 1879-ஆம் ஆண்டில் அந்நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டன் வாழ்ந்த ஊர் அல்லவா மான்செஸ்டர்? அங்கே வேதியியலுக்குத் தனி மதிப்பு இருந்தது. இலண்டன் பல்கலைக் கழகத்தின் பட்டத்தைப் பெற்ற பின் நகரின் எரிவாயு நிலையத்தில் சிறிது காலம் பணிபுரிந்தார். வேலையும் ஊதியமும் கிடைத்துவிட்டன, இனி என்ன வேண்டும் என்று அங்கேயே இருந்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டியிராது. 1886-இல் அவர் ஜெர்மனிக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் கரிம வேதியியலில் ஆராய்ச்சி செய்ய விரும்பிய ஆங்கிலேய இளைஞர்கள் ஜெர்மனிக்குச் செல்வது வழக்கம். மூனிச் நகரில் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற பேரறிஞரின் ஆய்வுக்கூடம் இருந்தது. நம் நாட்டு அவுரிச் செடியிலிருந்து எடுத்து வந்த நீலச் சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டியவர் அவர். (அந்தச் செயற்கைச் சாயம் 1897-இல் விற்பனைக்கு வந்ததும் இந்தியாவின் அவுரி வாணிகம் சரிந்த கதை தனிக் கதை.) அந்த ஆய்வுக்கூடத்தில் கிப்பிங்குக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற இளைஞர். கிப்பிங்கைவிட மூன்றே வயது மூத்தவர். இவருடைய தந்தையின் பெயரும் வில்லியம் ஹென்றி பெர்கின்தான். பதினெட்டு வயதில் கொயினா மருந்தை ஆக்க முயன்று, குடுவையின் அடியில் தங்கிய கறுப்பு வண்டலிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தவர் அந்தத் தந்தை. வேண்டாத வண்டலிலும் செல்வம் இருக்கக்கூடும் என்பதை அக்குடும்பம் நன்றாக அறிந்திருந்தது!

ஆசிரியரும் மாணவரும் ஆருயிர் நண்பர்கள் ஆனார்கள். கிப்பிங் 1887-இல் மூனிச்சில் உயர்ந்த சிறப்புடன் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலண்டன் பல்கலைக் கழகமும், தேர்வு எதுவும் எழுதச் சொல்லாமல் ஆராய்ச்சியை மட்டுமே பார்த்து அவருக்கு விஞ்ஞான முனைவர் பட்டம் அளித்தது. அவ்வாறு பெற்ற முதல்வர் அவரே. பெர்கின் எடின்பரோவில் ஹெரியட்-வாட் கல்லூரியில் பேராசிரியரானதும் கிப்பிங்கை உதவிக்கு அழைத்துக் கொண்டார். அங்கே இருவருமாகச் சேர்ந்து கரிம வேதியியல் பாட நூல் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். 1894-இல் வெளிவரத் தொடங்கிய அந்த நூல் பல தலைமுறை மாணவர்களின் கைகளில் தவழ்ந்தது. பெர்கின் - கிப்பிங் என்றால் வேதியியல் படித்த நம் தாத்தாமார் இன்றும் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நட்பு உறவாகவும் மலர்ந்தது. பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் ஹாலண்ட் குடும்பத்தில் மூன்று சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவர் மினாவைப் பெர்கின் மணந்தார். லில்லியை 1888-ஆம் ஆண்டில் கிப்பிங் மணந்தார். கேத்லீனை 1900-இல் ஆர்தர் லாப்வொர்த் என்ற இன்னொரு வேதியியலார் மணந்தார். மூன்று சகலபாடிகளும் பேராசிரியர்கள். மூவரும் ராயல் சங்கத்தின் உறுப்பினர்கள். உலகில் வேறு எந்த வீட்டுத் தீபாவளிக்கும் - அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்று வைத்துக் கொள்வோம் - இப்படி மூன்று மருமகன்கள் வந்து உட்கார்ந்து வேதியியல் பேசியிருப்பார்களா என்பது ஐயமே!

இந்தச் செய்தியைச் சொல்லும் நூல்கள் எல்லாம் மூன்று கணவன்மாரின் பட்டங்களையும் பதக்கங்களையும் வரிசையாக அடுக்குகின்றன. மூன்று சகோதரிகளைப் பற்றியோ யார் யாரை மணந்தார் என்பதோடு நிறுத்தி விடுகின்றன. அக்காலம் அப்படி. இலண்டன் பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க 1878-இல்தான் இசைந்தது. கிப்பிங் தம் கட்டுரைகளை வெளியிட்டு வந்த வேதியியல் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 1904-ஆம் ஆண்டில் 19 பெண் வேதியியலார்கள் ஒன்றுகூடி, எங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். 1920 வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் நுழைந்து சோதனைக் குழாயைக் கையில் எடுக்கும் நம் மாணவிகள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

1890-இல் கிப்பிங் இலண்டனுக்குச் சென்று ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்பவரிடம் பணியேற்றார். ஆர்ம்ஸ்ட்ராங் முரட்டுப் பேச்சுக்காரர். மாணவர்கள் பாடத்தை ஒப்பிக்கக் கூடாது, தாங்களே சோதித்துக் கண்டறிய வேண்டும் என்று நாடெங்கும் வாதாடியவர். (பெண்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று முன்னின்று எதிர்த்தவரும் அவரே. ஒரே மனிதரிடம் வெளிச்சமும் இருளும் இப்படிக் கலந்திருப்பதுண்டு.) அங்கே கிப்பிங் கற்பூரத்தை ஆராய்ந்தார். ஆம், நாம் ஏற்றி வைக்கும் அதே கற்பூரம்தான்.

கற்பூரத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். உங்கள் இரு கைகளையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே போல் இருக்கின்றன. ஆனால் இடக்கையின் உறையை வலக்கையில் மாட்ட முடியாது. சில மூலக்கூறுகளும் இப்படித்தான். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருக்கும். அவற்றில் ஒன்று ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும், மற்றது இடப்புறம் திருப்பும். இரண்டும் கலந்து கிடக்கும்போது அவற்றைப் பிரிப்பது பெரும் பாடு. கற்பூரத்திலிருந்து கிப்பிங்கும், அவருடைய தோழர் வில்லியம் போப்பும் ஆக்கிய அமிலங்கள் இந்தப் பிரிக்கும் வேலைக்கு அருமையான கருவிகளாக அமைந்தன. இவ்விடம் ஏன் இவ்வளவு நேரம் நின்றேன் என்றால், கிப்பிங்கைச் சிலிக்கானிடம் கொண்டு போய்ச் சேர்த்தது இந்த இடக்கை வலக்கை ஆசைதான்.

1897 அவருக்கு நல்ல ஆண்டு. ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நாட்டிங்காம் பல்கலைக் கழகக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகவும் அமர்ந்தார். அது பெரிய பல்கலைக் கழகம் அன்று. பட்டம் கொடுக்கும் உரிமைகூடக் கிடையாது. மாணவர்கள் இலண்டன் தேர்வைத்தான் எழுத வேண்டும். புகழ் பெற்ற ஒருவர் இந்தச் சிற்றூர்க் கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேறிடம் போய்விடுவார் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். கிப்பிங் 39 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அங்கே 1899-இல் அவர் தம் மனத்தில் ஒரு வினாவை எழுப்பிக் கொண்டார். தனிமங்களின் அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கான். கார்பனைப் போலவே அதற்கும் நான்கு கைகள். அப்படியானால் கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகளை அமைத்து இடக்கை வலக்கை மூலக்கூறுகளை ஆக்குவது போல், சிலிக்கானைச் சுற்றியும் ஆக்க முடியுமா? யாரும் அதுவரை செய்து காட்டவில்லை.

தொடக்கம் கரடுமுரடாக இருந்தது. சிலிக்கானில் கார்பன் தொகுதிகளை மாட்டுவதற்கு அப்போதிருந்த வழிகள் மெதுவானவை, ஆபத்தானவை. மணலையும் கரியையும் சேர்த்துச் சூடேற்றிக் குளோரின் வாயுவைச் செலுத்திப் பெறும் சிலிக்கான் டெட்ராகுளோரைடே மூலப்பொருள். ஈரக் காற்று பட்டால் போதும், மூக்கையும் கண்ணையும் எரிக்கும் அமிலப் புகையைக் கக்கும் திரவம் அது! நல்ல வேளையாக, பிரான்சில் விக்டர் கிரிஞார் என்பவர் 1900-இல் மெக்னீசியத்தைக் கொண்டு ஒரு புதிய வினைப்பொருளைக் கண்டறிந்தார். 1904-இல் கிப்பிங் அதைச் சிலிக்கான் டெட்ராகுளோரைடின் மேல் செலுத்திப் பார்த்தார். தடைப்பட்டிருந்த வண்டி சரிவில் ஓடத் தொடங்கியது போல வேலை ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய சேர்மங்கள் பிறந்தன. 1907-இல் அவர் தேடிய இடக்கை வலக்கைச் சிலிக்கான் சேர்மமும் பிரிந்து வந்தது. அது ஒளியைத் திருப்பிய கோணம் மிக மிகச் சிறியது. இருந்தால் என்ன? இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

இப்போது நம் வீட்டுப் பண்டங்களுக்கு வருவோம். இரண்டு கார்பன் தொகுதிகளும் இரண்டு குளோரின் அணுக்களும் கொண்ட சிலிக்கான் சேர்மத்தில் நீரைச் சேர்த்தால் குளோரின் விலகும். அதன்பின் சிலிக்கானும் பிராணவாயுவும் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக் கொண்டு தனித்தனி மூலக்கூறுகளாக நிற்கும் என்று கிப்பிங் எதிர்பார்த்தார். கார்பன் உலகில் அத்தகைய சேர்மங்களுக்குக் கீட்டோன் என்று பெயர். அவர் மூனிச்சில் கற்றதும் பின்னர் பல ஆண்டுகள் உழைத்ததும் கீட்டோன்களில்தான். ஆகவே சிலிக்கானையும் கீட்டோனையும் சேர்த்துச் சிலிக்கோன் என்று பெயர் வைத்துவிட்டார்.

பெயர் வைத்தாயிற்று; குழந்தை வேறு மாதிரிப் பிறந்தது! கீட்டோன் என்றால் முறையாகக் கொதிக்க வேண்டும், அழகான படிகமாக உறைய வேண்டும். குடுவையில் தங்கியதோ எண்ணெயும் இல்லாத பசையும் இல்லாத ஒரு பிசின். கொதிக்காது, படிகமாகாது, கழுவினால் குடுவையை விட்டுப் போகாது. ஏன் அப்படி? கார்பன் பிராணவாயுவை இரண்டு கைகளாலும் பற்றும். சிலிக்கானோ ஒரு பிராணவாயுவை ஒரு கையால் பற்றி, மறு கையை அடுத்த பிராணவாயுவிடம் நீட்டிவிடுகிறது. மல்லிகை ஒன்று, கனகாம்பரம் ஒன்று என்று மாறி மாறித் தொடுத்துக்கொண்டே போகும் சரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். சிலிக்கான், பிராணவாயு, சிலிக்கான், பிராணவாயு என்று அந்தச் சரம் நீண்டுகொண்டே போகிறது. சில சமயம் இரு முனைகளும் கூடி வளையமாகிவிடும். ஒவ்வொரு சிலிக்கானின் இரு புறமும் கார்பன் தொகுதிகள் இதழ்கள் போல் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும்.

கிப்பிங் இதை உணராமல் இல்லை. தாம் நினைத்த கீட்டோன் அமைப்பு சரியல்ல, இவை வளையங்களும் நீண்ட தொடர்களும்தாம் என்பதைப் படிப்படியாக அவரே தெளிவாக்கினார். சில வளையங்களைப் படிகமாகப் பிரித்தும் எடுத்தார். ஆயினும் அவருடைய நாட்டம் தூய்மையான, சரியான உருகுநிலை கொண்ட படிகங்களின் மேல்தான். பிசின் அவருக்கு இடையூறு. ஒரு பூந்தோட்டக்காரருக்குக் களை எப்படியோ அப்படி. அக்காலத்து வேதியியலார் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். பெரிய மூலக்கூறுகள் என்றொரு துறையே அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அவரைக் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. களை என்று நினைத்ததையும் அவர் விடாமல் எழுதி வைத்தாரே, அதைத்தான் பார்க்க வேண்டும். எப்படிச் செய்தேன், எந்தச் சூட்டில் என்ன ஆயிற்று, எது ஒட்டியது, எது கரையவில்லை என்று சிலிக்கானைப் பற்றி மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள். தவறிப்போன சோதனைகளும் அவற்றில் உண்டு.

மாணவர்களையும் அவர் உருவாக்கினார். அவரிடம் சிலிக்கானில் பயின்ற ராபர்ட் ராபிசன், பின்னாளில் உடலில் சர்க்கரை எவ்வாறு எரிகிறது என்பதை விளக்கும் ஒரு முக்கியப் பொருளைக் கண்டறிந்தார். பிரெடெரிக் சாலஞ்சர் என்ற இன்னொரு மாணவர், சுவர்க் காகிதத்தின் பச்சை வண்ணத்திலிருந்த பாஷாணத்தைப் பூஞ்சைக் காளான் எந்த நச்சுவாயுவாக மாற்றுகிறது என்ற நீண்ட நாள் புதிரை அவிழ்த்தார். 1909-இல் லாங்ஸ்டாஃப் பதக்கமும் 1918-இல் டேவி பதக்கமும் ஆசிரியரைத் தேடி வந்தன. மருந்துக் கடைகள் நடத்திச் செல்வரான ஜெஸ்ஸி பூட் என்ற வள்ளலின் கொடையால் கல்லூரி 1928-இல் புதிய பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் பெயரால் அமைந்த வேதியியல் பேராசிரியர் இருக்கையில் முதலில் அமர்ந்தவரும் கிப்பிங்தான்.

1936-இல் அவர் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் ராயல் சங்கத்தின் பேக்கரியன் சொற்பொழிவை ஆற்றும் பெருமையும் கிட்டியது. கரிமச் சிலிக்கான் சேர்மங்களே பொருள். தம் வாழ்நாள் உழைப்பை எல்லாம் தொகுத்துச் சொல்லி முடிக்கையில், இச்சேர்மங்கள் வினைபுரியும் வகைகள் மிகவும் குறைவு என்றும், இத்துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் ஏற்படும் என்ற நம்பிக்கைக்கு அதிக இடமில்லை என்றும் கிப்பிங் கூறினார். எழுபத்து மூன்று வயதை எட்டிய முதியவர், கூடியிருந்த அறிஞர்கள் முன்னிலையில் தம் உழைப்பைக் கூட்டியோ பெருக்கியோ சொல்லாமல், தாம் கண்டபடி சொன்னார். பின்னர் வந்த நூலாசிரியர்கள் பலர் இதை ஒரு வேடிக்கைபோல் எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை.

ஏனெனில் அந்த நேரத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அவருடைய கட்டுரைகளை ஒருவர் வரி வரியாகப் படித்துக் கொண்டிருந்தார். அமெரிக்காவில் கார்னிங் என்ற கண்ணாடித் தொழிற்சாலையில் ஃபிராங்க்ளின் ஹைட் என்பவர் பணியாற்றினார். கண்ணாடியின் வெப்பம் தாங்கும் குணமும் பிளாஸ்டிக்கின் வளையும் குணமும் ஒருங்கே அமைந்த பொருள் கிடைக்குமா என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. கிப்பிங் களை என்று ஒதுக்கிய பிசினில் அவர் அதையே கண்டார். மின்சார மோட்டார்களின் கம்பிகளைச் சுற்றும் கண்ணாடி இழை நாடாவில் அந்தப் பிசினை ஏற்றினால் சூட்டில் கருகவில்லை! ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் யூஜின் ரோகோ என்ற இளைஞர் 1940-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சிலிக்கான் தூளோடு செம்பைச் சேர்த்துச் சூடாக்கி, அதன் மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தினார். கிரிஞார் வினைப்பொருளின் செலவும் தீ விபத்து அச்சமும் இல்லாமல், மூலப்பொருள் நேராகவே கிடைத்துவிட்டது. இன்றும் உலகின் சிலிக்கோன் தொழிற்சாலைகள் இவ்வழியைத்தான் பின்பற்றுகின்றன.

போர்க்காலம் அது. உயரப் பறக்கும் விமானங்களில் ஈரம் புகுந்து எஞ்சினின் மின்பொறி அடங்கிப் போகாமல் காக்கச் சிலிக்கோன் பசை பயன்பட்டது. அதற்காகவே 1943-இல் டௌ கார்னிங் என்ற நிறுவனம் தோன்றியது. போர் முடிந்ததும் பீப்பாய் பீப்பாயாக ஆக்கிய பொருள் அடுக்களையைத் தேடி வந்தது.

சரத்தின் குணத்தை அறிந்தால் அதன் பயன் எல்லாம் தானே விளங்கும். சிலிக்கானுக்கும் பிராணவாயுவுக்கும் உள்ள பிணைப்பு மணலில் இருப்பதே. ஆகையால் சூட்டுக்கு அஞ்சாது. சிலிக்கோன் ரப்பர் உறைபனிக் குளிரில் விறைக்காது, 200 டிகிரி சூட்டிலும் உருகாது. கேக் வார்க்கும் அச்சும், மீண்டும் மீண்டும் கொதிநீரில் போடும் பால் புட்டி நிப்பிளும் அதனால்தான் அதில் செய்யப்படுகின்றன. வெளியே நீட்டியிருக்கும் கார்பன் இதழ்கள் நீரை அண்ட விடா. ஆகவே மழை ஒட்டாத துணி. சரங்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். ஆகவே சிக்கெடுக்கும் கண்டிஷனர். நீர்க் குமிழியின் மெல்லிய தோலில் பரவி அதை உடைத்துவிடும். ஆகவே குழந்தையின் வயிற்றில் சேர்ந்த காற்றுக் குமிழிகளை உடைக்கும் சொட்டு மருந்து. அந்த மருந்து இரத்தத்தில் கலப்பதில்லை. தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது.

தெளிப்பு டப்பாவின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. அழுத்தமேற்றிய வாயுவால் திரவத்தைப் பூத்தூவலாக வெளியேற்றும் டப்பாவை 1920-களின் பிற்பகுதியில் நார்வே நாட்டு எரிக் ரோதைம் உருவாக்கினார். கொசு மருந்து தெளிக்க அதை அமெரிக்காவின் குட்ஹ்யூவும் சல்லிவனும் போர்க்காலத்தில் திருத்தி அமைத்தார்கள். மலிவான, ஒழுகாத மூடி வால்வை ராபர்ட் ஆப்லனால்ப் 1949-இல் வடித்தார். அதன்பின் பாலிஷ், கஞ்சி, முடித் தெளிப்பு என்று டப்பாக்கள் கடைகளை நிறைத்தன. ஒரு சொட்டுச் சிலிக்கோன் ஒரு மேசை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகப் பரவும் அல்லவா? தெளிப்பு டப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு ஏது!

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. டப்பாக்களில் அடைத்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு வானத்தின் ஓசோன் குடையை அரிக்கும் என்று 1974-இல் ரோலண்டும் மொலினாவும் எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியால் உடன்படிக்கை பிறந்து அது படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் பல டப்பாக்களில் இப்போது இருப்பது சமையல் வாயு வகை. எரியும் அடுப்பின் அருகே தாய்மார்கள் அதைத் தெளிக்கக் கூடாது. சிலிக்கோன் வளையங்களில் சில நீர்நிலைகளில் சேர்ந்து எளிதில் அழியாமல் கிடக்கின்றன என்று கண்டு, கழுவி விடும் ஒப்பனைப் பொருள்களில் அவற்றை ஐரோப்பிய நாடுகள் 2020 முதல் கட்டுப்படுத்தியுள்ளன.

ஒரு தந்தையின் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1955-இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற தொழில்நுட்பப் பணியாளருக்குப் பிறந்த ஆண் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்துக் கொள்ளும் நோய். நீரை வடிக்கும் குழாய் அடைத்துக் கொள்ளும், அல்லது இரத்தம் பின்னோக்கி ஏறும். ஹோல்டர் மருத்துவர் அல்லர். தம் தொழில் அறிவைக் கொண்டே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னஞ்சிறு வால்வை வடித்தார். உடல் வெறுக்காத பொருள் வேண்டுமே! சிலிக்கோன் ரப்பரில் அது கிடைத்தது. 1956-இலேயே அது சிகிச்சைக்கு வந்துவிட்டது. அவருடைய மகன் சில ஆண்டுகளே வாழ்ந்தான். ஆனால் அந்த வால்வினால் உயிர் பிழைத்த குழந்தைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில்.

கிப்பிங் ஓய்வுக் காலத்தை வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊரான கிரிக்கியத்தில் கழித்தார். ஓய்விலும் கட்டுரை எழுதுவதை நிறுத்தவில்லை. தம் பழைய பாட நூலை, கேம்பிரிட்ஜில் வேதியியலாராக இருந்த மகன் பாரியுடன் சேர்ந்து புதுப்பித்தார். அவருடைய நாட்டிங்காம் கல்லூரி 1948-இல் முழுப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. அமெரிக்காவில் சிலிக்கோன் தொழில் வேரூன்றிவிட்டதையும் தம் வாழ்நாளிலேயே கண்டார். அப்பொருளால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. 1949-ஆம் ஆண்டில், 85-ஆம் வயதில் காலமானார்.

அவர் இட்ட பெயர் வேதியியல் முறைப்படி பொருந்தாது. கீட்டோன் அமைப்பே இல்லாத ஒன்றுக்குக் கீட்டோனின் வால்! சிலாக்சேன் என்பதே சரியான பெயர் என்று நூல்கள் திருத்திச் சொல்லிவிட்டன. ஆனால் கடைக்காரரும் மருத்துவரும் கொத்தனாரும் சிலிக்கோன் என்றே சொல்கிறார்கள். அமெரிக்க வேதியியல் சங்கம் சிலிக்கான் துறையில் சிறந்தவர்களுக்குக் கிப்பிங் பெயரால் ஒரு பரிசை 1962 முதல் வழங்கத் தொடங்கியது. 1965-இல் அந்தப் பரிசைப் பெற்றவர், செம்பையும் சிலிக்கானையும் சூடாக்கிப் பார்த்த அந்த யூஜின் ரோகோ.